வயலின் வாயுக் கணக்கு

நம் சங்கத்து நெல் அங்கத்தினர் சிலருக்குச் சென்ற பருவத்தின் இறுதியில் ஓர் ஒப்பந்தத்தாள் வந்து சேர்ந்தது. வயலில் இடைவிடாது நீர் தேக்காமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால், அதனால் குறையும் வாயுவின் அளவுக்குத் தக்கபடி பணம் தருவதாக அதில் கண்டிருந்தது. ஏக்கர் ஒன்றுக்குப் பருவம் ஒன்றில் 2 டன் குறையும் என்று ஓர் எண்ணும் அச்சாகியிருந்தது. அந்த எண் எவ்வாறு வந்தது என்று வினவிய அங்கத்தினருக்குத் தெளிவான விடை கிட்டவில்லை. ஏறத்தாழ அதே சமயத்தில் நம் கைத்தறிப் பிரிவுக்கும் வெளிநாட்டுக் கொள்முதலாளர் ஒருவரிடமிருந்து ஒரு படிவம் வந்தது. இத்துணிக்குரிய பருத்தி விளைந்த நிலத்திலிருந்து எவ்வளவு வாயு வெளியாயிற்று என்பது அதிலிருந்த வினாக்களுள் ஒன்று.

ஆகவே இக்கணக்கை நாமே போட்டுப் பார்ப்பது அவசியமாயிற்று. பெருக்கல் அறிந்தவர் எவரும் இதைச் செய்யலாம். எந்த எண்ணை எங்கிருந்து எடுப்பது, எதை நம்புவது என்பதில்தான் சற்று நிதானம் வேண்டும்.

பூமியின் வெப்பத்தைப் போர்வைபோல் பிடித்து வைத்துக்கொள்ளும் வாயுக்களைப் பசுங்குடில் வாயுக்கள் என்பர். அவற்றுள் விவசாயத்தோடு நெருங்கிய தொடர்புடையவை மூன்று. டீசலும் நிலக்கரியும் எரிவதால் வரும் கரியமில வாயு ஒன்று. நீர் தேங்கிய வயலிலும் மாட்டின் இரைப்பையிலும் உண்டாகும் மீதேன் இரண்டாவது. தழைச்சத்து இட்ட மண்ணிலிருந்து எழும் நைட்ரஸ் ஆக்ஸைடு மூன்றாவது. இவை ஒரே வலிமை உடையன அல்ல. நூறாண்டுக் காலத்தை வைத்து நோக்கின் 1 கிலோ மீதேன் 28 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். 1 கிலோ நைட்ரஸ் ஆக்ஸைடு 265 கிலோவுக்குச் சமம். உலக நாடுகள் தம் கணக்குகளைச் சமர்ப்பிக்கும்போது இப்போது கையாளும் எண்கள் இவையே. மீதேன் வானில் சுமார் 12 ஆண்டுகளே தங்குவதால், இருபதாண்டுக் காலத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் அதன் வலிமை 28 அன்று, சுமார் 80 ஆகிவிடும். எந்தக் காலத்தை வைத்துக் கணக்கிட்டார்கள் என்று ஒப்பந்தம் கொண்டுவருவோரை முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

மீதேன் நமக்குப் புதிய சரக்கு அன்று. இத்தாலியரான வோல்ட்டா 1776-ஆம் ஆண்டில் மஜ்ஜோரே ஏரிக்கரைச் சேற்றைக் கிளறி, மேலெழுந்த குமிழிகளைப் பிடித்து அதனை ஆராய்ந்தார். நம் கிராமங்களில் சதுப்பு நிலத்தில் இரவில் தோன்றும் ஒளியைக் கொள்ளிவாய்ப் பிசாசு என்று அஞ்சிய வழக்கமும் உண்டு. அப்பிசாசின் உடல் பெரும்பாலும் இந்த வாயுதான் என்பர். நெல் வயலில் அது உண்டாகும் விதம் இது: நீர் தேங்கியதும் மண்ணுக்குள் பிராணவாயு புகுவது தடைப்படுகிறது. இருக்கும் பிராணவாயுவை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் சீக்கிரமே தீர்த்துவிடுகின்றன. பின்னர் நைட்ரேட், மாங்கனீஸ், இரும்பு, கந்தகம் ஆகியவற்றின் கூட்டுப்பொருள்களைக் கொண்டு காலம் தள்ளுகின்றன. அவையும் தீர்ந்த பிறகு, பிராணவாயுவே ஆகாத ஒருவகை நுண்ணுயிர்கள் தலையெடுக்கின்றன. மக்கும் வைக்கோலும் தழையும் வேரின் கசிவும் அவற்றுக்கு உணவு. மீதேன் அவற்றின் கழிவு. அந்த வாயுவின் பெரும்பகுதி நெற்பயிரின் தண்டிலுள்ள காற்றுக் குழல்கள் வழியாகவே வெளியேறுகிறது. இடையில் ஒருமுறை வயல் காய்ந்து வெடிப்பு விட்டால் பிராணவாயு மீண்டும் உட்புகும். அந்த நுண்ணுயிர்களின் வேலை நிற்கும். காய்ச்சலும் பாய்ச்சலும் என்பதன் சூட்சுமம் இவ்வளவே.

இதை வயலில் நேரடியாக அளக்க முடியும். சில நெற்குத்துக்களின் மேல் ஒளி புகும் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து, சில நிமிஷ இடைவெளிகளில் பெட்டிக்குள்ளிருக்கும் காற்றை ஊசிக்குழலால் உறிஞ்சி எடுத்து, ஆய்வுக்கூடத்துக் கருவியில் சோதிப்பர். பருவம் முழுவதும் பலமுறை இதைச் செய்ய வேண்டும். ஒவ்வொரு குடியானவர் வயலிலும் செய்ய இயலாது என்பது வெளிப்படை. ஆதலால் சில வயல்களில் அளந்து பிறவற்றுக்குக் கணக்குப் போடுகிறார்கள். எந்த வயல்களில் அளந்தார்கள் என்பதில் எவ்வளவு இருக்கிறது என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. வெளிநாட்டு வயல்களின் அளவீடுகளை ஆதாரமாகக் கொண்டு, இந்திய நெல் வயல்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 380 லட்சம் டன் மீதேனை வெளியிடுகின்றன என்று ஒரு காலத்தில் மதிப்பிட்டார்கள். புதுடில்லி தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தின் ஏ. பி. மித்ரா முதலியோர் 1991-ஆம் ஆண்டில் நாட்டின் பல பாகங்களில் வயல்களில் பெட்டி கவிழ்த்து அளக்க ஏற்பாடு செய்தனர். வந்த விடை சுமார் 40 லட்சம் டன்! பத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். அளவீடு நடவாதிருந்தால் நம் குடியானவர் செய்யாத குற்றத்துக்குப் பொறுப்பாகி நின்றிருப்பர். அதே 1991-இல் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் வேறொரு வினாவையும் எழுப்பினர். ஏழை நாட்டு உழவன் உயிர் வாழ்வதற்காக விடும் மீதேனையும் செல்வ நாட்டு மோட்டார் வண்டியின் புகையையும் ஒரே தராசில் வைப்பது நியாயமா என்பது அவர்கள் கேள்வி. அவ்வினா இன்றும் தீர்ந்துவிடவில்லை.

இனி ஓர் ஏக்கரை எடுத்துக்கொள்வோம். காவிரி டெல்டாவில் ஆழ்குழாய்க் கிணற்றுப் பாசனத்தில் குறுவை நெல். நடவு முதல் அறுவடை வரை 90 நாள். 5 டன் தொழுவுரம். 45 கிலோ மூட்டையில் யூரியா 2. 50 கிலோ மூட்டையில் டி.ஏ.பி. 1, மகசூல் 2,400 கிலோ. எண்களை ஐக்கிய நாடுகளின் பருவநிலைக் குழு வெளியிட்ட வழிகாட்டியின் 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்திலிருந்து எடுக்கிறோம்.

அவ்வழிகாட்டியின்படி தென்னாசிய வயலில், எருவிடாமல் இடைவிடாது நீர் தேக்கினால், ஹெக்டேருக்கு நாள் ஒன்றுக்கு 0.85 கிலோ மீதேன் உண்டாகும். 90 நாளுக்கு 76.5 கிலோ. ஒரு ஹெக்டேர் ஏறத்தாழ 2.47 ஏக்கர், ஆகவே ஏக்கருக்கு 31 கிலோ. இது அடிப்படை எண். இதனை மூன்று காரணங்கள் ஏற்றவும் இறக்கவும் செய்யும்.

முதலாவது, நடவுக்கு முன் நிலம் கிடந்த நிலை. வறண்டு கிடந்தது 180 நாளுக்கு உட்பட்டதாயின் மாற்றம் இல்லை. 180 நாளுக்கு மேற்பட்டதாயின் 0.89-ஆல் பெருக்க வேண்டும். நடவுக்கு முன்பே 30 நாளுக்கு மேல் நீர் தேங்கிக் கிடந்ததாயின் 2.41-ஆல் பெருக்க வேண்டும். சம்பா அறுத்துக் கோடையில் தரிசாக விட்டுக் குறுவை நடும் நம் ஏக்கருக்கு மாற்றம் இல்லை.

இரண்டாவது எரு. இங்குதான் பலருக்கு வியப்பு ஏற்படும். ஹெக்டேருக்கு எத்தனை டன் என்பதை எருவின் வகைக்குரிய எண்ணால் பெருக்கி, அதனோடு 1 கூட்டி, வருவதை 0.59 அடுக்குக்கு உயர்த்த வேண்டும். பள்ளியில் லாகரிதம் படித்தவர்கள் அதைக்கொண்டு போடலாம். மற்றவர்க்கு இன்று கைப்பேசியே போட்டுத் தந்துவிடும். வகைக்குரிய எண்கள்: நடவுக்கு 30 நாளுக்குள் மடக்கி உழுத வைக்கோலுக்கு 1, அதற்கு முன்னரே மடக்கியதாயின் 0.19, தொழுவுரத்துக்கு 0.21, கம்போஸ்டுக்கு 0.17, பசுந்தழை உரத்துக்கு 0.45. வைக்கோலை உலர்ந்த எடையிலும் மற்றவற்றை இடும்போதுள்ள எடையிலும் கணக்கிட வேண்டும். நம் ஏக்கருக்கு 5 டன் தொழுவுரம் என்பது ஹெக்டேருக்கு 12.5 டன். அதை 0.21-ஆல் பெருக்கி 1 கூட்டினால் 3.625, 0.59 அடுக்குக்கு உயர்த்தினால் 2.14. அதாவது மீதேன் இரு மடங்குக்கு மேல் உயர்ந்து 66 கிலோ ஆகிறது.

தொழுவுரம் இடுவது குற்றம் என்று இதிலிருந்து எவரும் முடிவு கட்டிவிடக் கூடாது. மண்ணின் வளத்துக்கும் நீர் பிடிக்கும் சக்திக்கும் அது செய்யும் உபகாரம் இந்தக் கணக்கின் ஏட்டில் ஏறவில்லை. ஆனால் எப்போது இடுவது என்பதில் விஷயம் இருக்கிறது. ஏக்கருக்கு 2 டன் உலர்ந்த வைக்கோலை நடவுக்குச் சற்று முன் மடக்கி உழுதால் அடிப்படை எண் 2.88 மடங்கு ஆகும். அதே வைக்கோலை ஒரு மாதத்துக்கு முன்பே மடக்கி, ஈரம் வடிந்த மண்ணில் மக்கவிட்டால் ஏறத்தாழ 1.5 மடங்கோடு நிற்கும். செலவு ஒன்றே, உழவும் ஒன்றே, நாள் மட்டும் வேறு. அதே 2 டன்னை எரித்துவிட்டால் வரும் மீதேனும் நைட்ரஸ் ஆக்ஸைடும் சேர்ந்து சுமார் 150 கிலோ கரியமில வாயுவுக்கே சமம் என்று இதே வழிகாட்டி காட்டும். அதற்காக எரிப்பதை எவரேனும் பரிந்துரைப்பாராயின், புகையில் இருமும் குழந்தைகளும் கொட்டிலில் பசித்து நிற்கும் மாடும் அவர் கண்ணில் படவில்லை என்றே கொள்ள வேண்டும்.

மூன்றாவது நீர் கட்டும் முறை. இடைவிடாத தேக்கத்துக்கு 1. பருவத்தில் ஒரே முறை வடித்தால் 0.71, பலமுறை காய்ச்சிப் பாய்ச்சினால் 0.55. நம் ஏக்கரின் 66 கிலோ, பலமுறை காய்ச்சினால் 36 கிலோவாகக் குறையும். கரியமில வாயுவாக மாற்றினால் 1,853 கிலோ 1,019 கிலோ ஆகும். மிச்சம் 834 கிலோ.

ஒப்பந்தத்தாளில் அச்சாகியிருந்த 2 டன்னை இப்போது நினைவுகூர்வோம். இந்த ஏக்கர் வெளியிடும் மீதேன் முழுவதுமே 1.85 டன்தான். இல்லாததை எப்படிக் குறைப்பது? அடிப்படை எண்ணுக்கு உயர்ந்த எல்லை எனக் குறித்திருக்கும் 1.26-ஐக் கொண்டு கணக்கிட்டாலும் மிச்சம் 1.25 டன்னுக்கு மேற்படவில்லை. இன்னும் ஒன்று உண்டு. கடைமடையில் உள்ள வயல் பலவும் முறைப்பாசனத்தால் தாமாகவே ஒருமுறையேனும் காய்ந்துவிடுகின்றன. அத்தகைய வயலுக்குத் தொடக்க எண் 1 அன்று, 0.71. அங்கே மிச்சம் 834 கிலோ அன்று, சுமார் 300 கிலோவே. வாய்க்கால் தலைப்பில் இருப்பவருக்கும் கடைமடையில் இருப்பவருக்கும் ஒரே எண்ணை அச்சிட்டுத் தருவது எப்படிப் பொருந்தும் என்று நமக்கு விளங்கவில்லை. சம்பாவின் கதை வேறு. வடகிழக்குப் பருவமழையில் வயலை வடிக்க வடிகால் ஒத்துழைத்தால் அதுவே பெரிது, காய்ச்சுவது எங்ஙனம்? சம்பாவுக்கும் 0.55 போட்டுக் கணக்கு எழுதியிருந்தால் அதைக் கையெழுத்திடாமல் திருப்பிவிடுவதே தக்கது.

நீரைக் காய்ச்சுவதால் ஒரு சிறு நஷ்டமும் உண்டு. காய்ந்தும் நனைந்தும் மாறும் மண்ணில் நைட்ரஸ் ஆக்ஸைடு சற்று அதிகமாக எழும். நம் ஏக்கரில் யூரியாவும் டி.ஏ.பி.யும் தரும் தழைச்சத்து சுமார் 50 கிலோ. தொழுவுரத்தில் நூற்றுக்கு அரை பங்கு எனக் கொண்டால் 25 கிலோ. ஆக 75 கிலோ. தேங்கிய வயலில் இதில் ஆயிரத்துக்கு 3 பங்கும், வடித்துப் பாய்ச்சும் வயலில் 5 பங்கும் நைட்ரஸ் ஆக்ஸைடின் தழைச்சத்தாகப் போகிறது. அதை 44-ஆல் பெருக்கி 28-ஆல் வகுத்தால் வாயுவின் எடை. பின் 265-ஆல் பெருக்க வேண்டும். முன்னதற்கு 94 கிலோ, பின்னதற்கு 157 கிலோ. ஆகவே 834-இல் 63 கிலோவைக் கழித்தே பேச வேண்டும். காற்றில் ஆவியாகியும் நீரில் கரைந்தும் போகும் தழைச்சத்து வேறிடத்தில் உண்டாக்கும் நைட்ரஸ் ஆக்ஸைடு தனிக் கணக்கு. இங்கே அதை எடுக்கவில்லை. உரத் தொழிற்சாலையின் புகையையும் எடுக்கவில்லை.

மிஞ்சியவை எளியன. யூரியா மண்ணில் கரையும்போது கிலோவுக்கு 0.73 கிலோ கரியமில வாயு வெளிவரும்; 90 கிலோவுக்கு 66. டிராக்டருக்கும் அறுவடை யந்திரத்துக்கும் டீசல் 25 லிட்டர் என்று வைத்தால், லிட்டருக்கு 2.68 வீதம் 67. மின்சாரம் யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7. மீட்டர் இல்லாத இணைப்பாயின், 5 குதிரைசக்தி மோட்டார் மணிக்குச் சுமார் நாலரை யூனிட் எடுக்கும் என்று கொண்டு, ஓடிய மணியைக் குறித்து வைத்தால் போதும். தேக்குவதற்கு 300 யூனிட், காய்ச்சிப் பாய்ச்சுவதற்கு 200 யூனிட் என்று கொண்டால் 210-ம் 140-ம் ஆகும்.

கூட்டிப் பார்ப்போம் (கிலோ, கரியமில வாயுக் கணக்கில்):

மீதேன்: தேக்கினால் 1,853, காய்ச்சினால் 1,019
நைட்ரஸ் ஆக்ஸைடு: 94, 157
யூரியா: 66, 66
டீசல்: 67, 67
மின்சாரம்: 210, 140
ஆக மொத்தம்: 2,290, 1,449

மகசூல் குறையாதாயின் கிலோ நெல்லுக்கு 0.95 என்பது 0.60 ஆகிறது. மகசூல் குறையாதாயின் என்று நாம் சொல்வதைக் கவனிக்க வேண்டும். பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் சொல்லும் முறையில், துளையிட்ட 30 சென்டிமீட்டர் நீளக் குழாய் ஒன்றை வயலில் பாதி புதைத்து, உள்ளிருக்கும் நீர் மண்மட்டத்துக்கு 15 சென்டிமீட்டர் கீழே இறங்கியதும் மறுபடி நீர் பாய்ச்ச வேண்டும். பூக்கும் தருணத்தில் மட்டும் காய விடலாகாது. இக்கட்டுப்பாட்டை மீறிக் காய்ச்சினால் வாயு குறையும், நெல்லும் குறையும்.

இந்த எண்களின் நம்பகம் எவ்வளவு என்பதையும் மறைக்காமல் கூறிவிட வேண்டும். 0.85 என்று நாம் எடுத்த அடிப்படை எண்ணுக்கு வழிகாட்டியே 0.58 முதல் 1.26 வரை வீச்சுக் குறித்திருக்கிறது. மாட்டின் கணக்கோ இன்னும் வேடிக்கை. இந்தியத் துணைக்கண்டக் கறவைப் பசு ஒன்று ஆண்டுக்கு 58 கிலோ மீதேன் விடும் என்றது 2006-ஆம் ஆண்டு வழிகாட்டி; 2019 திருத்தம் அதை 73 ஆக்கிற்று. பசு அப்படியேதான் நிற்கிறது! பழைய எண்ணையே கொண்டாலும் ஒரு கறவைப் பசுவின் ஓராண்டு மீதேன் 1,624 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். நம் ஏக்கர் குறுவைக்கு அதிகம் பின்தங்கவில்லை. இந்திய சர்க்கார் 2020-ஆம் ஆண்டுக்குச் சமர்ப்பித்த கணக்கில், நாட்டின் மொத்த வெளியீட்டில் விவசாயத்தின் பங்கு நூற்றுக்குச் சுமார் 14. அதில் முதலிடம் கால்நடைகளின் இரைப்பைக்கே. நெல் வயல் அதற்கும் கீழேதான்.

பருத்தி அங்கத்தினருக்கும் நெசவாளருக்கும் ஒரு வார்த்தை. பருத்திக் காட்டில் நீர் தேங்குவதில்லை, மீதேனும் இல்லை. ஆனால் புன்செய் மண்ணில் தழைச்சத்தில் நூற்றுக்கு 1 பங்கு நைட்ரஸ் ஆக்ஸைடாகிறது என்பது பொது எண். தேங்கிய நெல் வயலைப்போல் மூன்று மடங்கு. ஏக்கருக்கு 48 கிலோ தழைச்சத்து இட்டால் 200 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். அங்கே மிச்சம் பிடிக்க வழி, உரத்தைப் பிரித்து இடுவதும் மண் பரிசோதனைப்படி இடுவதுமே. கொள்முதலாளரின் படிவத்தில் நெசவுக்கென ஒரு கட்டம் இருக்கிறது. கையும் காலுமே இயக்கும் தறிக்கு அதில் எழுத அதிகம் ஒன்றுமில்லை. நூற்பாலையின் மின்சாரமும் சாயப்பட்டறையின் விறகும் வேறு கட்டங்களில் வர வேண்டியவை. அவற்றைத் தறியின் தலையில் கட்ட இடங்கொடுக்கலாகாது.

பணம் தருவோர் கேட்கப் போவது அத்தாட்சி. 2024-ஆம் ஆண்டில் வெர்ரா என்னும் சர்வதேசப் பதிவு அமைப்பு சீன நாட்டின் 37 நெல் வயல் திட்டங்களைத் தரக்குறைவு காரணமாக நிராகரித்தது. திட்டம் தள்ளுபடியானால் குடியானவர் பெற்ற முன்பணத்தைத் திருப்ப வேண்டுமா, எத்தனை ஆண்டு கட்டுப்பட வேண்டும், ஒரு பருவம் மழையால் காய்ச்ச முடியாமற் போனால் என்ன என்பவற்றை ஒப்பந்தத்தில் தமிழில் எழுதித் தரும்படி கேட்பது அங்கத்தினரின் உரிமை.

வரும் குறுவைக்கு முன் ஒவ்வொரு நெல் அங்கத்தினரும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். நிலம் தரிசாகக் கிடந்த நாள், எரு இட்ட நாளும் எடையும், வைக்கோல் மடக்கிய நாள், நடவு நாள், வயல் காய்ந்த நாட்களும் மறுபடி நீர் பாய்ச்சிய நாட்களும், உர மூட்டைகள், மோட்டார் ஓடிய மணி, டீசல், அறுவடை நாள், எடை ஆகியவற்றை அவ்வப்போது அதில் எழுதி வர வேண்டும். இந்த ஆண்டு காய்ச்சாதவர்களும் எழுத வேண்டும். முன்பு எப்படி நீர் கட்டினோம் என்பதற்கு அது ஒன்றே சாட்சி. ஒப்பந்தத்தாள் வந்திருப்பவர்கள் கையெழுத்திடுமுன் அதையும் தம் நோட்டையும் எடுத்துக்கொண்டு சங்க அலுவலகத்துக்கு வந்தால், மேற்கண்டபடி கணக்கைக் கூட இருந்து போட்டுத் தருவோம்.